பூச்சாண்டிப் படம் போதுமா?

தகாத தீண்டலினின்றும் குழந்தைகளைக் காக்கவென வந்துள்ள படப்புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டினோம். கயவன் யார்? முறுக்கு மீசை, கையிலே மிட்டாய், முகமறியா அந்நியன்! உண்மை அதுவா? 2007-இல் இந்திய அரசு வெளியிட்ட ஆய்வு, பாலியல் கொடுமை இழைத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர், நம்பியவர் என்றது. மாமனாய், ஆசானாய் வருபவனைப் பூச்சாண்டிப் படம் காட்டிக்கொடுக்குமா?

“பெரியவர் சொல்லைத் தட்டாதே” என்றே பழக்கிய வீட்டில், “வேண்டாம்” எனும் சொல் எங்ஙனம் பிறக்கும்? ஆகவே, உறுப்புகளைக் கூசாது பெயரிடும் நூல், உறவினரையும் மறுக்கலாம் எனும் நூல், ஒருவர் நம்பாவிடில் இன்னொருவரிடம் சொல்லத் தூண்டும் நூல், பழி குழந்தையினுடையதன்று என்று தெளிவுறுத்தும் நூல் — இவற்றையே தேர்வோம். 2012-இல் போக்சோ சட்டம் பிறந்தது. ஆயினும், சட்டம் விழிக்கக் குழந்தை வாய் திறக்கவேண்டுமே! அவ்வாய்க்குச் சொல் தருவதே நல்ல நூல்.