மிருகத்தின் எண்ணும் வணிகரின் பட்டியலும்

கொரோனா தடுப்பூசி வந்த நாட்களில் உலகின் பல இடங்களில் விசுவாசிகள் சிலர் கையை நீட்ட அஞ்சினார்கள். அது மிருகத்தின் முத்திரையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு முன்பு பார்கோடையும் கடன் அட்டையையும் கண்டு அஞ்சியவர்கள் உண்டு. அந்தப் பயத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. ஆத்துமாவை இழந்துவிடக் கூடாதே என்கிற தவிப்பு அது. ஆனால் அந்தத் தவிப்பைக் கிளப்பிவிடும் வாசிப்பு வெளிப்படுத்தின விசேஷத்துக்கு நியாயம் செய்கிறதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த நூலின் 13ஆம் அதிகாரத்தின் முடிவில் மிருகத்தின் எண்ணாக 666ஐத் தந்து, வாசகரையே கணக்குப் போடச் சொல்கிறார் யோவான். அன்று கிரேக்க, எபிரேய எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. எந்தப் பெயரையும் கூட்டித் தொகையாக்கலாம். பொம்பேயி நகரத்துச் சுவர் ஒன்றில் யாரோ ஒருவன், தான் நேசிக்கும் பெண்ணின் எண் 545 என்று கிறுக்கி வைத்திருக்கிறான். அவளை அறிந்தவர்களுக்கு அது பெயர். இன்று அதைப் பார்க்கும் நமக்கு வெறும் எண். ஆக, இப்படிப்பட்ட எண் ஏற்கெனவே தெரிந்த ஆளைச் சங்கேதமாகச் சொல்வதற்கு உரியது. அதை வைத்துத் தெரியாத ஆளைத் தேடக் கிளம்பினால் ஆயிரம் பேர் அகப்படுவார்கள்.

முதல் வாசகர்களுக்கு அந்த ஆள் யார்? ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கும் 'நேரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50. பிறகு 100, 60, 200. கூட்டினால் 666. லத்தீன் வழக்குப்படி கடைசி 'ன்' இல்லாமல் எழுதினால் 616. எகிப்தின் ஒக்சிரிங்கசில் கிடைத்து 1999இல் வெளியிடப்பட்ட பழைய பாப்பிரஸ் துண்டு 616 என்றே சொல்கிறது. இரண்டு பாடங்களுக்கும் ஒரே பெயர் விடை தருவது இந்த விளக்கத்தின் பெரிய பலம்.

பலவீனமும் உண்டு. கிரேக்கம் பேசிய சபையாரை எபிரேயத்தில் கணக்குப் போடச் சொல்வது சற்று இடிக்கிறது. அதைவிடக் கனமான தடை இரேனியஸ். இந்த நூல் முதலில் அனுப்பப்பட்ட ஏழு சபைகளில் ஒன்றான சிமிர்னாவின் மரபில் வளர்ந்த அவர், சுமார் 180இல் எழுதும்போது 616 என்ற பாடத்தையும் அறிந்திருக்கிறார். அது பிழை என்கிறார். பொருந்தக்கூடிய பெயர்கள் சிலவற்றையும் தருகிறார். நீரோவின் பெயர் அதில் இல்லை. அவசரப்பட்டுப் பெயர் சூட்டாமல் காத்திருப்பதே நல்லது என்றும் எச்சரிக்கிறார். எனவே நீரோ விளக்கம் கைவசம் உள்ளவற்றில் வலுவானது என்று சொல்லலாம். முற்றாக நிரூபணமானது என்று சொல்ல முடியாது.

சரி, நீரோ என்றே வைத்துக்கொள்வோம். விஷயம் முதல் நூற்றாண்டோடு முடிந்துவிடுமா? முடியாது, அதற்கு யோவானே சாட்சி. தானியேல் 7இல் சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புள்ள பயங்கரமான ஒன்று என நான்கு மிருகங்கள் வருகின்றன. அந்தியோக்கஸ் மன்னன் யூதரை ஒடுக்கிய காலத்தின் வலி அந்தத் தரிசனத்தில் இருக்கிறது. யோவான் நான்கையும் ஒரே உடலாக்கி ரோமின்மேல் வைத்தார். மனம் போன போக்கில் வைக்கவில்லை. தனக்கு வணக்கம் கேட்பது, மறுப்பவருக்கு வாங்கவும் விற்கவும் வழியில்லாமல் செய்வது ஆகிய இந்த நடத்தையைப் பார்த்து வைத்தார். ஏழு சபைகளில் இன்னொன்றான பெர்கமுவில் கி.மு. 29 முதலே அகஸ்துவுக்குக் கோயில் இருந்தது. குறியீட்டை இன்னொரு காலத்துக்கு எடுத்துச் செல்ல நூலே இடம் கொடுக்கிறது. ஆனால் கேட்க வேண்டியது 'இந்த அதிகாரம் எப்படி நடந்துகொள்கிறது' என்பதே. 'இந்த அட்டையில் என்ன எண் இருக்கிறது' என்பது அல்ல.

இந்த அளவுகோலை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1522ஆம் ஆண்டு ஜெர்மானியப் புதிய ஏற்பாடே போதும். வெளிப்படுத்தின விசேஷத்தில் பரிசுத்த ஆவியின் கையைக் காண முடியவில்லை என்று அதை மொழிபெயர்த்த லூத்தர் முன்னுரையில் எழுதினார். அதே பதிப்பின் மரச்செதுக்குப் படத்தில் பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்கு மகுடம்! எதிர்ப்பு எழுந்து, டிசம்பர் பதிப்பில் மகுடத்தைச் செதுக்கிக் குறைத்தார்கள். கத்தோலிக்கத் தரப்போ லூத்தர் பெயருக்கே 666 வரவழைத்தது. இத்தனைக்கும், இவர்கள் எல்லாரும் தேடிய 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் இந்த நூலில் ஓரிடத்தில்கூட இல்லை. யோவானின் நிருபங்களில்தான் இருக்கிறது.

நியாயத்தீர்ப்பின் படிமங்களை எடைபோடுவது இதைவிடக் கடினம். 14ஆம் அதிகாரத்தில் ஆலையிலிருந்து வழியும் இரத்தம் குதிரைக் கடிவாளம் உயரத்துக்கு, 1600 ஸ்தாதி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பாய்கிறது. எளியவர்களின் பழிவெறி என்று எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் குற்றம் சாட்டினார். அதற்கு நூலுக்குள்ளேயே ஒரு பதில் உண்டு. 5ஆம் அதிகாரத்தில் மூப்பர்களில் ஒருவர் சிங்கம் என்று அறிவிக்கிறார். யோவான் திரும்பிப் பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது. 19இல் வெள்ளைக் குதிரையில் வருபவரின் அங்கி போர் தொடங்குமுன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அது அவருடைய சொந்த இரத்தம் என்றே வாசிக்கிறேன். ஆனால் 17ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்னும் பெண்ணை நிர்வாணமாக்கி, தின்று, எரிக்கும் காட்சிக்கு இந்தப் பதில் போதாது. அவள் நகரத்தின் உருவகம்தான். என்றாலும் அந்த உருவகம் பெண்ணுடலைத்தானே எரிக்கிறது? அதை நூலின் குறையாகவே கொள்கிறேன்.

எனக்கு இந்த நூலின் உச்சம் 18ஆம் அதிகாரம். பாபிலோன் விழுந்ததும் வணிகர்கள் அழுகிறார்கள், சரக்கை வாங்க இனி ஆளில்லையே என்று. பட்டியல் பொன், வெள்ளி, இரத்தினம், முத்து எனத் தொடங்கி இலவங்கம், எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, ரதம் என்று இறங்கி, கடைசிச் சரக்காக மனிதரில் வந்து நிற்கிறது. மிருகம் எது என்று கேட்பவருக்கு இந்தப் பட்டியலைக் காட்டுவேன். 666ஐவிட இது தெளிவான அடையாளம். அதிலுள்ள முத்தில் சில நம் கொற்கைத் துறையிலிருந்து போனவையாக இருக்கலாம். அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று அதே நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பான 'பெரிப்ளஸ்' எழுதிவைத்திருக்கிறது.