இசைக்கல்வி ஆராய்ச்சியும் ஒரு நூலின் குணகுற்றமும்

ஒரு பொருளின் உண்மையியல்பை அறியப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது, அறியுங் கருவி பழுதின்றி இருத்தலேயாம். ஐயமுந் திரிபும் உடைய காட்சி பிரமாணமாகாதென அளவை நூலார் விலக்கியதும் இதுபற்றியே. இவ்வுண்மை தத்துவ ஆராய்ச்சிக்கே யன்றி ஏனைக் கலையாராய்ச்சிக்கும் ஒப்ப உரியதென்பதை, இசைக்கல்வித் துறையிற் பயிலும் ஆராய்ச்சி முறையொன்றை எடுத்துக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மாணாக்கர் பெற்ற மதிப்பெண், பயின்ற நாழிகை முதலியவற்றை எண்ணிக் கணக்கிட்டு முடிபு கூறுவது ஒரு முறை. கற்பார் கற்பிப்பார் நடுவே நெடுநாள் உடனுறைந்து, கண்டும் கேட்டும் வினாவியும் எழுதியும், அவர்கள் செய்வதன் பொருளை அவர்கள் கொண்டவாறே உணரமுயல்வது மற்றொரு முறை. பின்னதனைப் பண்புசார் ஆராய்ச்சி என்ப. இம்முறையைக் கற்கத் தொடங்குவோர் பலர், கணக்கில்லை யாதலின் இஃது எளிதென்று கருதிவிடுகின்றனர். முன்னரே எழுதிய வினாக்களைக் கையிற்கொண்டு சென்று, விடைகளை ஒலிப்பதிவு செய்து, அவற்றை வகைப்படுத்திவிடின் ஆராய்ச்சி முற்றியது என்பது அவர் துணிபு. அத்துணிபு பொருந்தாமையை ஜான் பிளாக்கிங் என்னும் ஆங்கில அறிஞரது அனுபவம் நன்கு புலப்படுத்தும்.

இவர் 1956 முதல் 1958 வரை தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் வாழும் வெண்டா மக்களிடையே தங்கி அவர்தம் இசையை ஆராய்ந்தவர். சிறுவர் பாடல்களைப் பற்றி 1967-இல் ஒரு நூலும், ‘மனிதன் எத்துணை இசைத்திறன் உடையன்?’ என்னும் பொருளுடைய தலைப்பில் 1973-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். பின்னதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட நூல்.

இந்நூலிற் சிறந்த பகுதி ஆசிரியர் தம் பிழையைத் தாமே எடுத்துரைக்கும் இடமாம். வெண்டாச் சிறுவர் பாடலொன்றை அவர் கற்றுப் பாடினார். முதலடியின் இசையைத் திறம்படப் பற்றிக்கொண்டு, பின்வந்த அடிகளையும் அவ்விசையிலேயே அமைத்துப் பாடினார். கேட்டவர்கள், நன்றாகவே பாடுகின்றீர், ஆயினும் அண்டை நாட்டவராகிய சோங்கா மக்களைப் போலப் பாடுகின்றீர் என்றனர். அஃதென்னையெனின், வெண்டா மொழியிற் சொற்கள் ஏற்ற இறக்கமுடைய ஒலியோடு வழங்குவன. அடிதோறுஞ் சொல் மாற, சொல்லின் ஒலிக்கேற்ப இசையும் சிறிது மாறுதல் வேண்டும். ஆசிரியர் மாற்றமின்மையே செம்மை யெனக் கொண்டார். அம்மக்களோ அதனையே குற்றமெனக் கொண்டனர்.

இனி, இவ்விதியை வினாப்பட்டிகையால் அறிந்திருத்தல் கூடுமோ? கூடாதென்க. தாம் அறியாத ஒன்றைப்பற்றி ஆராய்வான் வினாவ மாட்டான். தமக்கு இயல்பாய் அமைந்த ஒன்றைச் சொல்லவேண்டுமென்று பாடுவாரும் நினையார். வினாவும் விடையும் தோன்றாத அவ்விடத்தில், மாணவனாய் அமர்ந்து பாடிப் பிழைத்துத் திருத்தம் பெற்றமையே உண்மையைப் புலப்படுத்திற்று. ஆகவே, ஆராய்வான் தன் பிழைகளை மறைத்தெழுதுவானாயின் தான் பெற்ற சான்றுகளிற் சிறந்ததனையே அழித்தவனாவான். இஃது இந்நூலாற் பெறப்படும் முதற் பயன்.

இரண்டாவது பயன், கண்டதொன்றை அதன் சூழலினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பது. வெண்டாச் சிறுவர் பாடல்கள் சிலவற்றில் நாலைந்து சுரங்களே உள்ளன. அவற்றை மட்டும் கேட்பான், இவை இசைவளர்ச்சியின் தொடக்கநிலை போலும் என்று முடிவு கட்டுவான். ஆனால் அம்மக்களுக்குச் சிகோனா என்னும் பெருங்கூத்து ஒன்றுண்டு. அதில் ஒவ்வொருவனும் ஒரே சுரம் ஒலிக்கும் ஒரு குழலை ஊதுவன். பலர் ஊதும் தனித்தனிச் சுரங்கள் முறைப்படக் கூடியே ஏழு சுரங்களும் அமைந்த இசை பிறக்கும். சிறுவர் பாடல்கள் அப்பேரிசையினின்றும் சுருங்கி அமைந்தன என்பதைப் பிளாக்கிங் பகுத்துக் காட்டினர். மேலும், அச்சிறுவர்கள் எளியன முதலாக அரியன ஈறாக வரிசைப்படக் கற்பதில்லை. தம் வாழ்க்கையில் மிகுதியுங் கேட்கும் பாடலையே முதலிற் கற்கின்றனர் என்றும் கண்டனர். சுரத்தொகையை எண்ணிப் பாடத்திட்டம் வகுப்பார் இதனைக் கருதுதல் நலம்.

இத்துணைக் குணமுடைய நூலிற் குற்றமும் இல்லாமலில்லை. மனிதரால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒலியே இசை என்பது ஆசிரியர் கூறும் இலக்கணம். பேச்சும் மனிதரால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒலியேயன்றோ? ஆலையிற் பொழுதறிவிக்க ஊதும் ஊதொலியும் அத்தன்மையதே. ஆதலின் இவ்விலக்கணம் அதிவியாத்தி என்னுங் குற்றத்திற்கு இடமாகின்றது. அன்றியும், செவ்விதின் ஆராயப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து மனித இனம் முழுமைக்கும் முடிபு கூற விரைகின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஊரிலுள்ள பானைகள் அனைத்திற்கும் அஃதாகாது. பண்புசார் ஆராய்ச்சி கற்பார் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே.

இன்னுமொன்று. அக்காலத் தென்னாப்பிரிக்காவில் நிறவேற்றுமை ஆட்சி நிலவியது. வினாவியவர் வெள்ளையர், விடை கூறியவர் ஒடுக்கப்பட்ட மக்கள். அவ்வேற்றுமை அவர் கேட்ட விடைகளை எவ்வளவு மாற்றியிருக்கும் என்பதை நூல் போதிய அளவு ஆராய்ந்திலது. ஆசிரியர் அவ்வாட்சியை ஆதரித்தவரல்லர். அதன் சட்டத்தால் தண்டிக்கப்பட்டு 1969-இல் அந்நாட்டை நீங்கியவரே. எனினும், ஆராய்வானது நல்லெண்ணம் வேறு, அவன் நிற்கும் நிலையால் விளையும் திரிபு வேறு. முன்னது இருப்பதனாற் பின்னது இல்லையாகாது.

இவற்றாலெல்லாம் விளையும் பயன் யாதெனின், கூறுதும். மேனாட்டுக் கல்விச்சாலைகள் சிலரை இசைத்திறன் உடையாரெனவும் பலரை அஃதில்லாரெனவும் இளமையிலேயே பிரித்துவிடுதலைப் பிளாக்கிங் கண்டித்தனர். வெண்டா மக்கள் அங்ஙனம் பிரிப்பதில்லை. பாடுதலும் ஆடுதலும் எல்லார்க்கும் இயல்வன என்றே கொண்டு குழந்தைகளை வளர்க்கின்றனர். பாடுவான் ஒருவன் சிறந்தவன் என்று தேறுதற்குக் கேட்பார்க்கும் இசையறிவு வேண்டுமன்றோ? அங்ஙனமாயின் இசையறிவு சிலர்க்கே உரியதென்பது யாங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவிற்கு மதிப்பெண் பட்டியல் விடை தாராது. உனக்குக் குரல் வாயாது என்று ஒருகால் விலக்கப்பட்ட குழந்தை பின்னர் வாய்திறவாமலே வாழ்நாளைக் கழித்தலுங் கூடும். அக்குழந்தை பட்டியலில் ஒரு சுழியாகவே நிற்கும்; அதன் அருகிருந்து கேட்பான் ஒருவனுக்கே அதன் மௌனம் பொருளுடையதாகும்.

ஆகலின், எந்நாட்டு இசையாசிரியர்பாற் சென்று ஆராய்வாரும் முதலில் மாணாக்கராய் அமர்க, பாடுக, பிழைபடுக, திருத்துவார் சொல்லை அவர் சொன்னவாறே குறித்துக்கொள்க, முடிபு கூறுமிடத்து விரையாதொழிக. பிளாக்கிங் 1990-இல் மறைந்தார். அவரது இலக்கணத்தை ஏற்கவேண்டுவதில்லை. பிழையை ஒளியாது உரைத்த அவரது செம்மையைத் தள்ளுதலும் கூடாது. குணத்தையும் குற்றத்தையும் நாடி அவற்றுள் மிகுந்ததனை நோக்குமிடத்து, இந்நூல் இத்துறை பயில்வார் கைக்கொள்ளத் தக்கதே என்பது எமது துணிபு.