சுவருக்குப் பத்திரம், நமக்கு மனு

ஆபீசுக்குப் போய்வந்த நம்ம சனத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: 'பேப்பர் இல்லேங்கிறாங்க.' சாதிச் சான்றுக்குப் பேப்பர், பட்டாவுக்குப் பேப்பர், பொணம் புதைக்கிற பாதைக்கும் பேப்பர். பேப்பர் இருந்தால்தான் சட்டம் பேசும் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த விதி எல்லாருக்கும் பொதுவா? இந்தக் கேள்வியோடு உத்தப்புரத்தை மறுபடி வாசிக்க வேண்டும்.

மதுரை மாவட்டம் பேரையூர் தாலுகாவில், எழுமலைக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. 1989 கலவரத்துக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதைக் காட்டித்தான் ஊரையும் தலித் தெருக்களையும் பிரித்து ஏறக்குறைய 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழும்பியது. நாடாளுமன்றத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1989இல்தான். டில்லியில் ஒரு பேப்பர், ஊரில் ஒரு பேப்பர். பதினெட்டு வருசம் செல்லுபடியானது ஊர்ப் பேப்பர்தான். சட்டவிரோத நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. இது தெரியாமலா ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள்?

கரண்டு விசயத்துக்கு வருவோம். எங்க அய்யா ஒரு பல்புக்கு ரெண்டு வருசம் நடந்தார். 'பட்டா எங்கப்பா?' என்பார் கிளார்க். 'மனு குடுத்திருக்கேன் சாமி.' 'அப்ப பட்டா வந்தப்புறம் வா.' உத்தப்புரத்துச் சுவருக்கு இந்த நடை எதுவும் இல்லை. அதன்மேல் கம்பி வைத்து மின்சாரம் பாய்ச்சியிருந்தது 2008 ஏப்ரலில் செய்தியாக வெளிவந்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. குடிசைக்குக் கிடைக்காத கரண்டு குடிசைக்காரனைத் தடுக்கிற சுவருக்குக் கிடைத்தது.

2008 மே 6இல் போலீஸ் காவலோடு சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். ஆதிக்க சாதியார் ரேசன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குக் குடிபோனார்கள். அதிகாரிகள் அவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். நாம் வரிசையில் நின்று கெஞ்சி வாங்குகிற அட்டை அவர்கள் கையில் போராட்ட ஆயுதம். நாம் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் எந்த அதிகாரி தேடி வருவார்?

இரட்டைக் குவளை டீக்கடையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடை நடத்த லைசென்ஸ் வேண்டும். எந்த ஆளுக்கு எந்தக் கிளாஸ் என்பதற்கு எந்த ஆபீசும் லைசென்ஸ் தருவதில்லை. ஆனாலும் அது தப்பாமல் நடக்கும். 1955ஆம் வருசச் சட்டத்தின் 8ஆம் பிரிவோ, தீண்டாமைக் குற்றம் தன் தொழிலில் செய்து தண்டனை பெற்றவரின் லைசென்சையே ரத்து செய்யலாம் என்கிறது. எங்க பக்கத்தில் அந்தப் பிரிவுக்காக ஒரு டீக்கடையும் மூடி நான் பார்த்ததில்லை. எழுதாத விதி ஆள் வைக்காமலே ஓடுகிறது. எழுதிய விதிக்கு நாம் மனு போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது.

இதை மறைக்க ஆபீஸ் மொழியில் இரண்டு சொல் உண்டு: 'இரு தரப்பு', 'சமாதானக் கூட்டம்'. சுவர் கட்டியவனும் தரப்பு, சுவருக்கு வெளியே நின்றவனும் தரப்பு. குற்றத்தைத் தகராறு என்று பெயர் மாற்றிவிட்டால் வழக்கு தேவையில்லை, பேச்சுவார்த்தை போதும். உத்தப்புரத்துத் தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 2011 நவம்பர் வரை காத்திருந்தது இந்தச் சொற்களின் நிழலில்தான்.

நம் எழுத்தின் மேலும் ஒரு விமர்சனம் உண்டு. நம் கதைகளில் பண்ணையார் வருகிறார், போலீஸ் வருகிறார். பைலை மூடி வைக்கிற கிளார்க் அதிகம் வருவதில்லை. அடிக்கிறவனை எழுதிய அளவுக்குக் கையெழுத்துப் போடாதவனை நாம் எழுதவில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கிற அரசு ஊழியரும் குற்றவாளி என்று 1989 சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த மனுவில் 'அய்யா அவர்கள் கருணை கூர்ந்து' என்ற வரியை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். எழுதிப் போட்ட பிறகு என்ன நடந்தது என்பதையும் இந்தப் பக்கங்களுக்கு எழுதுங்கள்.