துரத்தும் அணி சாக்கெட்டை மாற்றாது

இன்டெலின் அடுத்த டெஸ்க்டாப் பிராசசரான நோவா லேக் 2026 இறுதியில் வரும் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. அதற்கு 1954 தொடுமுனைகள் கொண்ட புதிய சாக்கெட் (மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்) வரப்போவதாகத் துறைச் செய்திகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. அது நடந்தால், 2024 அக்டோபரில் களமிறங்கிய எல்ஜிஏ 1851 சாக்கெட், ஏரோ லேக் என்ற ஒரே கட்டமைப்போடு ஓய்வுபெற்றுவிடும். எதிர்முகாமில் ஏஎம்டி, 2022 செப்டம்பரில் கொண்டுவந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027-ஐத் தாண்டியும் ஆதரிப்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்றே எல்லா விவாதமும் ஓடுகிறது. நான் கவனிப்பது வேறொரு எண்ணை: ஒரு சாக்கெட் எத்தனை தலைமுறை பிராசசர்களைத் தாங்குகிறது? பல ஆண்டுகளாக அந்த எண்ணைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். முன்னிலையில் இருப்பவர் சாக்கெட்டை இஷ்டம்போல் மாற்றுகிறார். துரத்துகிறவர் அதைக் காப்பாற்றி வைக்கிறார்.

இன்டெலின் பழைய கணக்கைப் பாருங்கள். 2009-இல் 1156, 2011-இல் 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151. கடிகாரம் வைத்தாற்போல் இரண்டு ஆண்டுக்கு ஒரு சாக்கெட். ஒவ்வொரு முறையும் பிராசசரோடு மதர்போர்டையும் சேர்த்தே வாங்கவேண்டிய நிலை. அதே காலத்தில் இந்தச் சாக்கெட்டுகளுக்கு வந்த கோர் ஐ7 பிராசசர்கள் 4 கோரைத் தாண்டவில்லை. ஏஎம்டியின் புல்டோசர் 2011-இல் சறுக்கிய பிறகு, எதிரில் பந்துவீச ஆளில்லாத ஆட்டமாக அது இருந்தது. ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் 2017 மார்ச்சில் 8 கோர்களோடு 499 டாலருக்கு வந்தது. அப்போது இன்டெலின் 8 கோர் பிராசசர் வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். அந்த ஆண்டே இன்டெலின் இதே வரிசை கோர் ஐ7 பிராசசர் 6 கோருக்கு உயர்ந்தது. பல ஆண்டுகள் நகராமல் நின்ற எண்ணை நகர்த்தியது போட்டிதான்.

ரைசன் வந்து இறங்கிய ஏஎம்4 சாக்கெட்டின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2017-இல் எக்ஸ்370 மதர்போர்டில் 1800எக்ஸ் பொருத்தி வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிராசசரில் எல்3 கேஷ் 16 எம்பி. ஐந்து ஆண்டு கழித்து, 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி வருகிறது. அதிலும் 8 கோர்கள்தான். ஆனால் கேஷ் நினைவகத்தை பிராசசரின் மேலேயே அடுக்காக ஏற்றி, எல்3-ஐ 96 எம்பி ஆக்கியிருந்தார்கள். விளையாட்டுகளில் அது அன்றைய புத்தம்புதிய இன்டெல் பிராசசர்களோடு தோளுரசி நின்றது. அந்தப் பழைய போர்டுக்காரர் செய்யவேண்டியிருந்தது இவ்வளவுதான்: போர்டு நிறுவனம் புதிய பயாஸ் தந்திருந்தால் அதை ஏற்றி, கூலரைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது. போர்டும் டிடிஆர்4 ரேமும் அப்படியே இருக்க, மூன்று தலைமுறை ஒரே தாண்டலில் கடந்தாயிற்று.

புதிய தொழில்நுட்பத்துக்குப் புதிய சாக்கெட் தவிர்க்க முடியாதது என்று பொறியாளர்கள் மறுப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஏஎம்4-இன் 1331 பின்களை வைத்துக்கொண்டு டிடிஆர்5-க்கும் கூடுதல் மின்சாரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாது. 142 வாட்டாக இருந்த உச்ச வரம்பு ஏஎம்5-இல் 230 வாட் வரை போகிறது. ஏஎம்டி அந்த இடத்தில் மாறியது சரியே. ஆனால் 2017-இல் நடந்ததை இதே கணக்கில் சேர்க்க முடியாது. இன்டெல் அதே 1151 தொடுமுனைகளை, அதே டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டே, முந்தைய தலைமுறைப் போர்டுகளில் புதிய காபி லேக் பிராசசர்கள் ஓடாது என்று சொன்னது. மின்சாரம் கொண்டுவரும் தொடுமுனைகளை 128-இலிருந்து 146 ஆகக் கூட்டியது அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி, அதே பிராசசர்களைப் பழைய இசட்170, இசட்270 போர்டுகளில் ஓட்டிக் காட்டினார்கள். எல்லாப் போர்டும் தாங்கியிருக்காது என்பது உண்மை. தரமான போர்டுகளுக்குக்கூட வழிவிடாமல் கதவை முழுவதுமாகச் சாத்தியது வணிக முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஏஎம்டி வாடிக்கையாளரின் தோழன், இன்டெல் வில்லன் என்று இதைப் படித்துவிடவும் கூடாது. ஏஎம்டியின் உயர்ரக டெஸ்க்டாப் பிராசசரான த்ரெட்ரிப்பரின் களத்தைப் பாருங்கள். அங்கே 2019-இல் ஏஎம்டியிடம் 32 கோர் பிராசசர் இருந்தது. எதிரில் இன்டெலின் கோர் ஐ9-10980எக்ஸ்இ 18 கோர்களோடு நின்றது. முன்னிலை கைக்கு வந்ததும் ஏஎம்டி செய்ததென்ன? 2017-இல் தொடங்கிய டிஆர்4 சாக்கெட்டை விட்டுவிட்டு, அதே 4094 தொடுமுனைகள் கொண்ட, ஆனால் பழையதோடு ஒத்துப்போகாத எஸ்டிஆர்எக்ஸ்4-ஐக் கொண்டுவந்தது. அந்தப் புதிய சாக்கெட்டும் ஒரே தலைமுறையோடு முடிந்தது. பெரும் பணம் போட்டு அந்தப் போர்டுகளை வாங்கியவர்களுக்கு அடுத்த பிராசசர் வரவேயில்லை. ஏஎம்4-இலும் 2020-இல் பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கு ஜென் 3 தலைமுறை பிராசசர்கள் கிடையாது என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பழைய பயாஸ் சிப்புகளில் இடம் போதாது என்றார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகே அந்த முடிவு மாறியது.

பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட பிராசசரை மாற்றுவதில்லையே, அவர்களுக்கு இதனால் என்ன என்பது இன்னொரு கேள்வி. போர்டு பழுதானால் தெரியும். சாக்கெட் வழக்கொழிந்துவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் பிராசசரும் ரேமும் புதிய போர்டு கிடைக்காமல் முடங்கும். உற்பத்தி தொடரும் சாக்கெட்டில் போர்டை மட்டும் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். பிராசசரை மாற்றாதவருக்கும் அது பயன்தான்.

இன்று துரத்துவது இன்டெல். ஏரோ லேக்கின் கோர் அல்ட்ரா 9 285கே பல விளையாட்டுகளில் தன் வீட்டு முந்தைய தலைமுறையான 14900கே-யையே முந்தவில்லை. ரைசன் 7 9800எக்ஸ்3டி அதைத் தெளிவாகவே பின்தள்ளியது. 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களில் எழுந்த நிலைகுலைவுப் பிரச்சினைக்காக 2024-இல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டவேண்டி வந்தது. போட்டி இறுகிய காலத்தில் வந்த எல்ஜிஏ 1700 மூன்று தலைமுறை நீடித்ததைப் பார்த்தால், அடுத்த சாக்கெட்டையாவது இன்டெல் நீண்டநாள் வைத்திருக்க வாய்ப்பிருக்கிறது. வைத்திருக்க வேண்டும், இழந்த நம்பிக்கையை ஒரு நாள் பெஞ்ச்மார்க் வெற்றி மீட்டுத் தராது. எனக்குக் கூடுதல் கவலை ஏஎம்டி பற்றித்தான். மேசைக்கணினியிலும் முன்னிலை கைக்கு வந்துவிட்டதால், த்ரெட்ரிப்பர் வாடிக்கையாளர்கள் கண்ட அதே முகத்தை ஏஎம்5 வாங்கியவர்களும் காண நேரலாம். ஆகவே புதிய போர்டு வாங்கப்போகிறவர்கள் அடுத்த தலைமுறைக்கான ஆதரவை நிறுவனம் பகிரங்கமாக அறிவித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அறிவித்த பின் மீறினால், 2020-இல் எழுந்த அதே சத்தத்தோடு கேளுங்கள்.