இரண்டு விலைக்குறைப்பு, இரண்டு முடிவு

ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்தால் குழப்பமே இல்லை. நின்டெண்டோவின் கையடக்க கேம் கன்சோல் 3டிஎஸ் மொத்தம் 7 கோடியே 59 லட்சம் விற்றது. அதன் டிவி கன்சோல் வீ யூ 1 கோடியே 35 லட்சத்தோடு ஆட்டமிழந்தது. இரண்டுமே தொடக்கத்தில் தடுமாறியவைதான். இரண்டுக்குமே நின்டெண்டோவின் அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா விலையைக் குறைத்தார். ஒன்று எழுந்து ஓடியது, மற்றது படுத்தேவிட்டது. எங்கே பிசகியது?

முதல் ஆட்டம். கண்ணாடி போடாமலே முப்பரிமாணத்தில் விளையாடலாம் என்ற விளம்பரத்தோடு 2011 மார்ச்சில் 3டிஎஸ் அமெரிக்காவில் இறங்கியது. விலை 249.99 டாலர். சொல்லிக்கொள்ளும்படி கேம்கள் இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுவதும் விற்றது வெறும் 7 லட்சத்து 10 ஆயிரம். ஜூலை 28 அன்று இவாட்டா அறிவித்தார்: அமெரிக்காவில் இனி 169.99 டாலர், ஜப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000 யென். வந்து அரை வருடம்கூட ஆகாத கன்சோலுக்கு இப்படி ஒரு வெட்டு விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? அதற்கும் வழி செய்திருந்தார்கள். விலை குறைவதற்கு முன் ஒருமுறையாவது நின்டெண்டோவின் இணையக் கடைக்குள் நுழைந்தவர்களுக்கு 20 பழைய கேம்கள் இலவசம். பத்து நெஸ் என்ற பழைய கன்சோலின் காலத்தவை, பத்து கேம்பாய் அட்வான்ஸ் காலத்தவை. இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். தப்பு வாங்கியவர் மேல் இல்லை, நம் மேல்தான் என்று ஊரறியச் சொன்ன மாதிரி அது.

குறைந்த விலை வந்த வாரம் ஜப்பானில் விற்பனை எகிறியது. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் வேகம் தணிந்தது. விலைக்குறைப்பு கூட்டத்தைக் கூட்டித் தரும், உட்கார வைக்காது. உட்கார வைத்தவை நவம்பரில் வந்த சூப்பர் மரியோ 3டி லேண்டும் டிசம்பரில் வந்த மரியோ கார்ட் 7ம். அதே டிசம்பரில் சோனியின் கையடக்கக் கன்சோல் வீட்டா ஜப்பானில் களமிறங்கியபோது, 3டிஎஸ் அதைவிட ஏறக்குறைய 10,000 யென் மலிவாக, கையில் மரியோவோடு காத்திருந்தது. அந்த நிதியாண்டில் நின்டெண்டோவுக்கு 4,320 கோடி யென் நஷ்டம். வலித்தது, ஆனால் ஆட்டம் கைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டம். 2012 நவம்பரில் வீ யூ வந்தது. சாதாரண செட் 299.99 டாலர், டீலக்ஸ் செட் 349.99. 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுவதும் விற்றது 1 லட்சத்து 60 ஆயிரம்தான். செப்டம்பரில் விலையைக் குறைத்தார்கள். நவம்பரில் மரியோவும் வந்தார். மருந்துச் சீட்டு அதேதான், நோயாளி மட்டும் எழவில்லை.

கணக்கைக் கூர்ந்து பாருங்கள். வெட்டு 50 டாலர்தான். அதுவும் டீலக்ஸ் செட்டுக்கு மட்டும். ஏற்கெனவே 299.99க்கு ஒரு வீ யூ கடையில் இருந்தது. ஆக, வாசல் கட்டணம் ஒரு டாலர்கூட இறங்கவில்லை. 3டிஎஸ்ஸுக்கு விழுந்த வெட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தவிர, வந்து பத்து மாதம் கழித்துத்தான் இதைச் செய்தார்கள். நவம்பரில் போட்டிக் கன்சோல்களான பிளேஸ்டேஷன் 4ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் வாசலில் நின்றன.

இதற்கு மேல் ஏன் குறைக்கவில்லை? முடியவில்லை. வீ யூவை முதல் நாளிலிருந்தே அடக்க விலைக்குக் கீழேதான் விற்றார்கள். திரை பதித்த கேம்பேட் கன்ட்ரோலர் செலவை இழுத்துப் பிடித்தது. அதைக் கழற்றினால் வீ யூவே இல்லை. 2014இல் மைக்ரோசாஃப்ட் கினெக்ட் கேமராவைக் கழற்றிவிட்டு எக்ஸ்பாக்ஸ் ஒன்னை 499 டாலரிலிருந்து 399க்கு இறக்கியது. நின்டெண்டோவுக்கு அந்த வழி இல்லை. போதாததற்கு, இது புது கன்சோலா, பழைய வீ கன்சோலுக்கு ஒரு துணைக்கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. அந்தக் குழப்பத்தை எந்தத் தள்ளுபடியும் தீர்க்காது. 2014 ஜனவரியில், அந்த நிதியாண்டின் விற்பனை மதிப்பீடு 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகச் சரிந்தது. இவாட்டா மறுபடியும் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். இந்த முறை அது ஆட்டத்தை மாற்றவில்லை.

விலைக்குறைப்பு கிரிக்கெட் ரிவ்யூ மாதிரி. சரியான நேரத்தில் கேட்டால் விக்கெட் தப்பும்; தப்பான நேரத்தில் கேட்டால் கையிருப்பும் போகும்.

பாடம் வீணாகவில்லை. 2017 மார்ச் 3 அன்று நின்டெண்டோவின் அடுத்த கன்சோல் ஸ்விட்ச் 299.99 டாலருக்கு வந்தபோது, அடக்க விலைக்குக் கீழே விற்கவில்லை. முதல் நாளே புதிய ஸெல்டா கேம் பக்கத்தில் இருந்தது. ஸ்விட்சைக் காப்பாற்ற அவசர வெட்டு எதுவும் தேவைப்படவில்லை. தடுமாறும் கன்சோலின் விலையைக் குறைப்பதென்றால் சீக்கிரம் குறைக்க வேண்டும், ஆழமாகக் குறைக்க வேண்டும், பின்னாலேயே கேம் வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஆடித் தள்ளுபடிதான்.