காண்டவத்தில் மிஞ்சியவர்கள்

இலக்கியமும் சூழலியலும் சந்திக்கிற கருத்தரங்குகளில் இப்போது ஒரே பல்லவிதான்: நம் புராணங்கள் இயற்கையைத் தொழுதவை, சுரண்டல் மேற்கிலிருந்து தொற்றிய நோய். அரசமரம், பசு, கங்கை என்று பட்டியல் வாசிப்பார்கள், கைதட்டல் எழும். இந்த வாதத்துக்கு வலுச்சேர்த்தவரே ஒரு மேற்கத்தியர்தான். சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறித்தவத்தில் இருக்கிறதென்று லின் ஒயிட் 1967இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அதே 1967இல்தான் மகாபாரதத்தைப் பற்றிய ஐராவதி கார்வேயின் 'யுகாந்தா' மராத்தியில் வெளிவந்தது. அதை ஊன்றிப் படித்தவர் அந்தப் பட்டியலோடு மேடையேற மாட்டார்.

புராணங்கள் எதையும் மறைக்கவில்லை. பிருது மன்னன் வில்லேந்தித் துரத்த, பூமி பசுவாகி ஓடுகிறாள். அவளைக் கறந்த பிறகே குடிகளுக்குச் சோறு. பாற்கடலைக் கடைந்தவர்கள் அமுதத்துக்கு முன்னால் நஞ்சைக் கண்டார்கள். எல்லாரும் அறிந்த கதைகள். நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் மகாபாரதத்தின் ஆதிபர்வக் கடைசியில் இருக்கிறது: காண்டவ தகனம்.

சுவேதகி மன்னனின் வேள்வி நெய்யை ஆண்டுக்கணக்கில் உண்டு அக்கினிக்கு மந்தம் பிடிக்கிறது. தீர்வதற்கு ஒரு காடு முழுதும் வேண்டும். நாகன் தட்சகன் வாழும் காடென்பதால் இந்திரன் மழை பொழிந்து காக்கிறான். அதை வெல்ல, அக்கினிக்குத் துணைவரும் அர்ச்சுனனுக்குக் காண்டீபமும் வற்றாத தூணியும் கிடைக்கின்றன. பிறகு வியாசர் எழுதுவதை மனம் பதறாமல் வாசிக்க முடியாது: குளங்கள் கொதித்து மீனும் ஆமையும் மிதக்கின்றன, தப்பிப் பறக்கும் பறவைகள் அம்பு பட்டுத் தீயிலேயே விழுகின்றன, மகனைக் காக்க அவனை விழுங்கி மேலெழும் தட்சகனின் மனைவி தலை அறுபடுகிறாள். தீ விட்டுவைத்தவர்களை வியாசர் எண்ணிச் சொல்கிறார். ஆறு பேர்: தட்சகன் மகன் அசுவசேனன், மயன், நான்கு சார்ங்கக் குஞ்சுகள்.

தமிழ் இதை எப்படி ஏற்றது? கூசாமல்தான். சிறுபாணாற்றுப்படை அர்ச்சுனனைக் குறிக்கும்போது காட்டுக்குத் தீயூட்டிய தூணியை உடைய புகழோன் என்கிறது. கரிகாலன் காட்டை நாடாக்கியதைப் பாடும் பட்டினப்பாலை அதற்கு ஆளும் வினைச்சொல் 'கொல்', அதுவும் புகழ்ச்சி. வில்லிபுத்தூரார் தனிச் சருக்கமே பாடினார். அவருடைய சந்தம் வில்லாளிகளோடு ஓடுகிறது. ராஜாஜியின் 'வியாசர் விருந்து'தான் எனக்கு ஆற்றாமை தருவது. காண்டவப்பிரஸ்தம் அங்கே விலங்குகளும் திருடர்களும் ஒளியும் புதர்க்காடு. எரித்துவிட்டு நகரம் கட்ட வேண்டியதுதான். பசியை நகர நிர்மாணமாக்கிவிட்ட அழகான, தெளிவான, ஆபத்தான உரைநடை. சார்ங்கப் பறவைகளின் கதையை அவர் உருக்கமாகச் சொல்கிறார். ஆனால் அந்தக் கூட்டைச் சுற்றி எரிந்தது யாருடைய காடென்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

கார்வே அந்தக் கேள்வியைக் கேட்டார். மானுடவியலாளரின் கண்ணோடு, ஒரு உயிரும் தப்பாதபடி காவல் நின்று எரித்தது எதற்கு என்று கேட்டு, உழவுக்கும் ஆட்சிக்கும் நிலம் பிடித்த வரலாற்றை அதில் கண்டார். க்ஷத்திரிய அறம் வனவாசிகளுக்குப் பொருந்தாமல் போனதையும் அவர் விடவில்லை. 1992இல் மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் எழுதிய இந்தியச் சூழல் வரலாறு இந்த வாசிப்பை வழிமொழிந்தது. தமிழில் இந்தத் திசையில் நெடுந்தூரம் நடந்தது ஜெயமோகனின் 'வெண்முரசு' (2014–2020). 26 நாவல்களின் ஊடே நாகர்களின் சினம் அடங்காமல் ஓடுகிறது. புனைவாசிரியர் எட்டிய இடத்துக்கு நம் திறனாய்வு இன்னும் வரவில்லை.

வந்தால் புலப்படும்: பாரதம் இந்தக் கணக்கை முடிப்பதே இல்லை. உயிர்பிழைத்த மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனனின் பொறாமை மூள்கிறது. சூதுக்கு அது வித்து. அசுவசேனன் கர்ணனின் அம்பில் ஏறி அர்ச்சுனனைத் தேடி வருகிறான். அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்து தட்சகனால் சாகிறான். அதற்குப் பழிவாங்க நாகர் குலத்தையே நெருப்பிலிட அவன் மகன் ஜனமேஜயன் வேள்வி வளர்க்கிறான். ஆஸ்திகன் வந்து நிறுத்துகிறான். சுரண்டலின் விலையைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த காப்பியத்தை மரவழிபாட்டுக்குச் சான்றாகக் காட்டுவது அதைப் படிக்காததற்குச் சமம்.

இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். வில்லியின் காண்டவ தகனச் சருக்கத்தையும் கும்பகோணம் பதிப்பின் ஆதிபர்வத்தையும் அருகருகே வைத்து, இம்முறை அசுவசேனன் பக்கம் நின்று வாசியுங்கள். வைசம்பாயனர் பாரதத்தைச் சொன்னதே அந்தப் பாம்பு வேள்விச் சாலையில்தான்.