சுண்ணாம்புத் தண்ணீரில் மலாவி மீன்: சங்ககிரியும் இலங்கையும்

ஆப்பிரிக்க சிக்லிட் என்றால் பணக்கார வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் புதுவரவு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்து மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடாத அசைவ வீடு சேலம், நாமக்கல் பக்கத்தில் அரிது. ஜிலேபி என்று சந்தையில் விற்கும் திலாப்பியா ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1950-களின் தொடக்கத்தில் மொசாம்பிக் திலாப்பியாவை இலங்கைக் குளங்களில் விட்டார்கள். 1952-ல் அங்கிருந்து இந்தியாவுக்கும் அது வந்தது. பிறகு இரண்டு நாடுகளும் வேறு வேறு பக்கம் போயின. இலங்கையின் உலர் வலயக் குளங்களில் நன்னீர் மீன்பிடியே அதை நம்பி நின்றது. இந்தியாவிலோ நாட்டு மீன்களுக்குக் கேடு என்று 1959-ல் மீன்வள ஆராய்ச்சிக் குழு அதைப் பெருக்கத் தடை போட்டது. அதற்குள் நீர்த்தேக்கங்களில் அது பரவிவிட்டது.

உணவு மீனில் தொடங்கிய இந்த வேறுபாடு அலங்கார மீனிலும் தொடர்கிறது. அதைச் சேலம் மாவட்டத்துச் சங்ககிரியில் இருந்துகொண்டு பார்ப்பதற்குக் காரணம் இந்த ஊரின் தண்ணீர்.

சங்ககிரியைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி. 1960-களில் இந்தியா சிமென்ட்ஸ் இங்கே ஆலை அமைத்தது அந்தக் கல்லை நம்பித்தான். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது. வீட்டுப் பெண்கள் திட்டித் தீர்க்கும் இந்தத் தண்ணீர், ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளின் மீன்களுக்கு ஏறக்குறைய சொந்த ஊர்த் தண்ணீர். மலாவி ஏரியின் பிஎச் 7.7 முதல் 8.6 வரை; டாங்கனிகாவில் 9 வரைகூடப் போகும். எல்லோ லேப், பீகாக், ஃப்ரண்டோசா என்று கடைகளில் விற்பவை எல்லாம் இந்தக் காரத்தன்மைக்குப் பழகிய இனங்கள். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் இங்கே நோஞ்சானாகிச் செத்துப்போவதைப் பார்த்து, நமக்கு மீன் ராசியில்லை என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்தவர்கள் உண்டு. அவர்கள் ஊருக்கு ஒவ்வாத மீனை வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடினத் தண்ணீர் எல்லாமே மலாவித் தண்ணீர் ஆகிவிடாது. மலாவி ஏரியில் கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு உட்பட்டவைதான். டாங்கனிகாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நம் பக்கத்துப் போர்வெல்களில் 1000-ஐத் தாண்டுவது புதிதல்ல. மீனுக்கு வேண்டியது நிலையான காரத்தன்மையே தவிர, உப்புக் கரிப்பு அல்ல. மழைநீரோ, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன காவிரிக் குடிநீரோ பாதிக்குப் பாதி கலந்தால் போதும். சொட்டு மருந்துபோல் விட்டுப் பார்க்கும் பிஎச், கார்பனேட் கடினத்தன்மை சோதனைப் பெட்டிகள் மீன் கடைகளிலேயே கிடைக்கின்றன. மீன் வாங்கும் முன் அவற்றை வாங்க வேண்டும்.

இலங்கையில் கதை தலைகீழ். அலங்கார மீன் தொழில் குவிந்திருக்கும் மேற்குப் பகுதி ஈர வலயம். அங்கே கிணற்றுத் தண்ணீர் மென்மையானது, சில இடங்களில் சற்றே அமிலத்தன்மை கொண்டது. மலாவி மீன் வளர்ப்பவர் பவளத் துண்டு, சிப்பி ஓடு, சுண்ணாம்புக்கல் என்று ஏதாவது ஒன்றைத் தொட்டியில் போட்டுத்தான் காரத்தன்மையைப் பிடித்து நிறுத்த வேண்டும். சங்ககிரிக்கு உறவான தண்ணீர் இருப்பது யாழ்ப்பாணத்தில். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணறுகள் அந்தக் கல்லைக் குடைந்து இறங்கியவை. ஆனால் வலிகாமம் பகுதிக் கிணறுகளில் தோட்ட உரங்களால் நைட்ரேட் ஏறியிருக்கிறது. நைட்ரேட்டைக் குறைக்கத்தான் வாராவாரம் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறோம். மாற்றும் தண்ணீரிலேயே அது இருந்தால் என்ன செய்வது? கல் ஒன்றாக இருந்தாலும் மேலே நடக்கும் விவசாயம் தண்ணீரை மாற்றிவிடுகிறது. நம் பக்கத்தில் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு நிரப்புகிறவர்களும் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் நமக்கு வாய்த்திருக்கிறது. இனம் கலக்காமல் மீனின் வம்சத்தைக் காப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம், இலங்கையிடம் கற்க வேண்டியதும் அங்கேதான்.

தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றால் கொளத்தூர். மேட்டூரை அடுத்த நம் கொளத்தூர் அல்ல, சென்னைக் கொளத்தூர். அங்கும் சுற்று வட்டாரத்திலும் வீட்டுக் கொல்லையில், வாடகை நிலத்தில், சிமென்ட் தொட்டிகளில் ஏராளமான குடும்பங்கள் மீன் பெருக்குகின்றன. ஆக்ஸிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளாகத் தெர்மகோல் பெட்டிக்குள் அடுக்கி, இரவுப் பேருந்தில் ஏற்றினால் விடியும்போது சேலத்தில் இறக்கலாம். நடைமுறையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. விரும்பிய வண்ண மீனைப் பெருக்குகிறார்கள், யாருக்கும் விற்கிறார்கள். 2020-ல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவித்தார்கள். சிறு குடும்பத்துக்கு இது பெரிய கதவு.

இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தைக் கடைத் தொட்டியில் பார்க்கலாம். ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று எழுதி, ஒரு அங்குலக் குஞ்சுகளைக் கலந்து விட்டிருப்பார்கள். எந்த இனம் என்று கேட்டால் பதில் வராது. மலாவி மீன்கள் தொட்டியில் சுலபமாகக் கலந்து இணையும். ஏரியில் தனித்தனி இனமாக நின்ற பீகாக்குகள் இரண்டே தலைமுறையில் ஒன்றாகக் குழம்பிவிடும். ஆண்களுக்கு மட்டுமே வர வேண்டிய பளீர் நிறத்தை ஹார்மோன் கொடுத்துக் குஞ்சிலேயே வரவழைப்பதும் இந்தத் தொழிலில் உண்டு. வீட்டுக்கு வந்து சில மாதத்தில் நிறம் வெளுக்கும். அந்த மீனிடம் குஞ்சு எதிர்பார்க்க முடியாது.

இலங்கையில் பெரும்பாலும் ஏற்றுமதி நிறுவனமே தாய் மீனையோ குஞ்சையோ கிராமத்து வளர்ப்பாளரிடம் கொடுத்து, வளர்ந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நெக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை குருநாகல் மாவட்டத்து ரம்படகல்லவில் அலங்கார மீனுக்கென்றே பெருக்க நிலையம் வைத்திருக்கிறது. ஏற்றுமதியில் கப்பிதான் முதலிடம். சிக்லிட்டுகளுக்கு அடுத்த வரிசைதான். ஆனால் வெளிநாட்டு வாங்குபவருக்கு ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நிறம் வேண்டும் என்பதால், வம்சத்தைப் பிரித்து வைக்கும் ஒழுங்கு அந்தத் தொழிலில் ஊறிவிட்டது. வளர்ப்பாளருக்கு விலை பேசும் உரிமை குறைவு என்பது அந்த முறையின் குறை. அதை நான் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மீனின் பக்கம் நின்று பார்த்தால் இலங்கை முறையே மேல்.

வம்சம் காப்பது வீட்டுத் தொட்டியிலும் முடியும். நான்கடித் தொட்டியில் ஒரே இனம்: எல்லோ லேப் என்றால் ஓர் ஆணுக்கு நான்கு பெண். கற்களைக் குகைகளாக அடுக்க வேண்டும், மணலின் மேல் அல்ல, அடிக் கண்ணாடியில் நேராக. மணலைத் தோண்டுவது இவற்றின் இயல்பு. ஆண் ஒரு தட்டைக் கல்லைத் துப்புரவாக்கி, உடலைச் சிலிர்த்துக்கொண்டு பெண்ணை அழைக்கும். பெண் ஒன்றிரண்டு முட்டை இட்டதும் திரும்பி வாயில் எடுத்துக்கொள்ளும். பல இனங்களில் ஆணின் பின்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அதையும் கவ்வப் போகும்போது ஆணின் விந்து அதன் வாய்க்குள் போய் முட்டை கருவுறும். பிறகு மூன்று வாரம் தாய் சாப்பிடுவதில்லை. தாடை உப்பி, கல் இடுக்கில் நின்று, வாய்க்குள் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பதினெட்டாம் நாள் வாக்கில் ஈரக் கையில் தாயைத் தலைகீழாகப் பிடித்து, மழுங்கிய குச்சியால் கீழ்த் தாடையை மெல்ல விலக்கினால், வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிய குஞ்சுகள் கிண்ணத்தில் விழும். எண்ணிக்கை சில பத்துகள்தான். முட்டையை நூற்றுக்கணக்கில் சிதறவிடும் மீன் அல்ல இது. அதனால்தான் ஒவ்வொரு குஞ்சின் வம்சத்துக்கும் மதிப்பு.

தீனியில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை விட்டே ஆக வேண்டும். பாறையை ஒட்டி வாழும் ம்புனா வகைகளில் பெரும்பாலானவை பாசி தின்பவை. அவற்றுக்குச் சாக்கடைப் புழுவும் காய்ந்த இறாலும் போட்டால் வயிறு ஊதிச் சாகும். ஸ்பிருலினா கலந்த தீனி, இடையிடையே அவித்த கீரை போதும்.

ஹீட்டர் நம் பக்கத்திலும் இலங்கையின் சமவெளியிலும் பொதுவாகத் தேவையில்லை. சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதுதான் கவலை. சண்டை ஒரே மீனின் மேல் குவியாமல் பிரிந்துபோக இந்த மீன்களை நெருக்கமாக வைப்பதால் கரண்ட் போனால் ஆபத்து இரட்டிப்பு. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே நாமும் பத்து மணி நேரத்துக்கு மேல் பட்டிருக்கிறோம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

சிக்லிட்டுகள் நம் மண்ணுக்கும் உரியவை என்பதை மறக்கக் கூடாது. 2010-ல் கேரளம் மாநில மீனாக அறிவித்த கரிமீனும், அதன் சிறிய மஞ்சள் உறவான ஆரஞ்சு குரோமைடும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான சிக்லிட்டுகள். தாயும் தகப்பனுமாகக் குஞ்சைக் காப்பவை. அந்நிய மீன் நீர்நிலைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்க சிக்லிட்டுகளின் தாயகமே சாட்சி. 1950-களில் விக்டோரியா ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச், அங்கே மட்டுமே வாழ்ந்த சிக்லிட் இனங்களை நூற்றுக்கணக்கில் அழித்தது. இலங்கை நீர்நிலைகளில் தொட்டியிலிருந்து போன கத்தி மீன் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் தொட்டி துடைக்க வாங்கி, பிறகு வெளியே விட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி வலையைக் கிழிக்கிறது.

சங்ககிரியிலிருந்து காவிரி அதிகத் தூரமில்லை. வீடு மாறும்போதோ, மீன் பெருகி இடம் போதாதபோதோ ஆற்றிலும் ஏரியிலும் கொண்டுபோய் விடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் இன்னொருவருக்கு இனத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.